மூச்சு விடும் இடம்

மைக்கை வாயருகே பிடித்தபடி பெனடிக்ற் மறுபடியும் தொண்டையைச் செருமினார். பைறூஸின் ஓட்டோ பள்ளிமுனைச் சந்தியில் நின்றது. அதன் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அந்தச் செருமலையும் ஒழுங்காக ஊருக்கு அறிவித்துவிட்டது.

"அண்ணன், உங்களுக்குச் சளி எண்டு ஊர் முழுக்க விளங்கிட்டுது. இனிச் செய்தியைச் சொல்லுங்கோ," என்றான் பைறூஸ்.

"சொல்லத்தான் போறன். மூச்சை எங்க விடுறது எண்டு பாக்கிறன்."

"மூக்கால விடுங்கோ."

"விசர்க்கதை கதையாதை. சொல்லுக்குள்ள எந்த இடத்தில விடுறது எண்டு யோசிக்கிறன்."

பைறூஸ் என்ஜினை நிறுத்தினான். சாவு அறிவிக்க ஓட்டோ கொடுத்துப் பழகியவன் அவன். அழுகை வந்து தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறான். ஒரு சொல்லை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் தடுமாறிய ஆளை அன்றுதான் பார்த்தான்.

பெனடிக்ற் லேசில் தடுமாறுகிற மனிதரும் அல்ல. முழங்கால் வருத்தம் அவரைக் கடலுக்குப் போகவிடாமல் மறித்த பிறகு, அவருக்கு மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். கோயிலில் வாசகம் வாசிப்பது அவர். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அதை ஊருக்குச் சொல்வதும் அவர். போர்த்துக்கேயன் விட்டுப்போன பெயர்கள், ஒல்லாந்தன் விட்டுப்போன பெயர்கள் எதுவும் அவர் நாக்கில் இடறியதில்லை. "பெனடிக்ற் அறிவிச்சாத்தான் செத்தவருக்கே தான் செத்தது நிச்சயமாத் தெரியும்" என்று ஊரில் ஒரு பகிடி உண்டு.

அன்றைய அறிவிப்பு அவருடைய சொந்த அத்தானுக்கு. மூத்த அக்கா றோசம்மாவின் புருஷன் லெம்பேட் நோர்வேயில் காலமாகி, அங்கேயே அடக்கமாகியிருந்தார். முப்பத்தோராம் நாள் பூசை மட்டும் பிறந்த ஊரில் நடக்கவேண்டும் என்பது அக்காவின் விருப்பம். அக்காவும் மகள் சுவேதினியும் விமானத்தில் வந்துகொண்டிருந்தார்கள். கொழும்பில் இறங்கி வான் பிடித்து நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு.

சாவு அறிவித்தலில் பெயருக்கு முன்னால் தொழில் வரவேண்டும். அது ஊர் வழமை. "இளைப்பாறிய அதிபர்", "முன்னாள் தபாற்கந்தோர் ஊழியர்", "பிரபல சம்மாட்டி" என்று ஏதாவது ஒன்று. ஒன்றுமே செய்யாதவருக்குக்கூட "சமூக சேவையாளர்" என்று ஒரு மாலை போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆனால் லெம்பேட்டுக்கு ஊர் எப்போதோ ஒரு பட்டம் கொடுத்துவிட்டது. சும்மா லெம்பேட்.

கடலில் இறங்கினால் அவருக்குத் தலை சுற்றும். படகுக்காரர் எல்லாரும் தொழிலுக்குப் போக, இவர் கரையில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பார். றோசம்மாவைக் கேட்டு வந்தபோது அவள் அப்பா, "மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று விசாரித்தார். "சும்மா இருக்கிறார்" என்றார் கூட வந்த தரகர், உண்மையை மறைக்கத் தெரியாமல். கல்யாணம் எப்படியோ நடந்தது. சண்டைக் காலத்தில் இருவரும் நோர்வேக்குப் போய், வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் குளிருக்குள் நின்று மீன் வெட்டினார்கள். இவ்வளவு வருஷம் போயும் பள்ளிமுனையில் பெயர் மாறவில்லை. "சும்மா லெம்பேட் செத்துப்போனாராம்" என்றுதான் போன மாதமும் சந்தியில் கதைத்தார்கள். பெனடிக்ற்றின் காதில் அது விழுந்தது. அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான் சும்மா இருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அவரிடம் ஒரு சொல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதற்பூசை முடிந்ததும், கோயில் வாசல் வேம்புக்குக் கீழே நின்று பெனடிக்ற் நோர்வேக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பார். கை போனை விட்டு எடுபடமுன்னம் அத்தான் திருப்பி எடுத்துவிடுவார். தவறியதேயில்லை. போனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஏதோ உத்தியோகம் என்று பெனடிக்ற் முடிவு கட்டியிருந்தார். நோர்வேயில் இரவே கிடையாது என்று யாரோ சொன்னதையும் அப்படியே நம்பியிருந்தார். அதனால் அங்கே என்ன நேரம் என்ற யோசனை அவருக்கு வந்ததில்லை.

ஒருநாள் கேட்டும் விட்டார்.

"அத்தான், மீன் கொம்பனியை விட்டிட்டியள் எண்டு அக்கா சொன்னா. இப்ப என்ன வேலை?"

அந்தப் பக்கம் ஒரு கதிரை கிரீச்சிட்டது. பிறகு அத்தான் ஒரு சொல்லைச் சொன்னார். அது பாம்பன் ரயில் மாதிரி நீண்டுகொண்டே போனது.

"பெரிய உத்தியோகமோ அத்தான்?"

"இந்த நாட்டில இந்த வேலைக்கு நான் ஒருத்தன்தான், மச்சான்."

"லீவு கீவு?"

"எடுத்ததே இல்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் அந்தச் சொல்லை அவருக்குப் படிப்பித்தார். "மீன் மாதிரி வாயைக் குவிச்சுச் சொல்லு, மச்சான். சொண்டாக்..." சின்ன வயசில் லத்தீன் செபங்களைப் பொருள் தெரியாமல் பாடமாக்கியதுபோல் பெனடிக்ற்றும் பாடமாக்கினார். ஆனால் ஒருநாளும் முழுச்சொல்லையும் ஒரேயடியாகச் சொன்னது கிடையாது. நடுவில் ஓரிடத்தில் அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்து, இருமி, ஓய்ந்துதான் மிச்சத்தைச் சொல்வார்.

இப்போது மைக்கைப் பிடித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. சொல் முழுதாக நெஞ்சில் இருந்தது. துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் தெரியவில்லை.

"சரி," என்றார் பெனடிக்ற். "எடு."

பைறூஸ் ஓட்டோவை மெல்ல ஓட்டினான்.

"பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும், நோர்வேயை வதிவிடமாகவும் கொண்டவரும், நோர்வே நாட்டின் சொண்டாக்ஸ்..." இங்கே மூச்சு விட்டார். "...வோகர்தெலெபூன்வெந்தருமாகிய அமரர் லெம்பேட் அவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி இன்று மாலை..."

கடற்கரை வளைவில் குரூஸ் சம்மாட்டி கையைக் காட்டி ஓட்டோவை மறித்தார். படகுகளும் மீன் காயப்போடும் வாடியும் வைத்திருக்கிற பெரிய ஆள்.

"என்ன பெனடிக்ற், டாக்ஸ் எண்டு ஏதோ கேட்டிச்சு?"

"டாக்ஸ் இல்லை சம்மாட்டியார், சொண்டாக்ஸ்."

"அது என்ன, புது டாக்ஸோ?"

"டாக்ஸே இல்லை. அத்தான்ர உத்தியோகம்."

"அப்ப லெம்பேட் அங்க வரிக் கந்தோரில இருந்தவனோ?" சம்மாட்டியின் முகம் மாறியது. "சும்மா இருந்தவன் எண்டெல்லோ நினைச்சம். அந்தக் கந்தோர் ஆக்கள் ஆரும் பூசைக்கு வருகினமோ?"

"அக்காவும் மகளும் வருகினம்."

"மகளும் அதே கந்தோரோ?"

பெனடிக்ற் வாயைத் திறப்பதற்குள் சம்மாட்டி திரும்பி வாடியை நோக்கி விறுவிறு என்று நடந்தார். கொஞ்ச நேரத்தில் கரையில் நின்ற புது என்ஜின்களுக்கு மேல் சாக்குகள் ஏறின. அடுத்த தெருவுக்குள் ஓட்டோ நுழைந்தபோது அங்கே செய்தி முந்திக்கொண்டு நின்றது. நோர்வேக்காரர் படகுக்கு வரி போடப் போகிறார்களாம். அதன் பெயர் சொண்டாக்ஸாம்.

"அண்ணன், நீங்கள் மூச்சை விட்ட இடம் பிழை," என்றான் பைறூஸ்.

"அது எனக்கும் விளங்குது."

பிழையைத் திருத்த ஆள் வேண்டும் என்று அவருக்குக் கதிர்காமு மாஸ்டரின் நினைவு வந்தது. உயிலங்குளம் பக்கத்து மனிதர். மன்னாரில் வருஷக்கணக்காகத் தமிழ் படிப்பித்து ஓய்ந்து, இப்போது வயலைப் பார்க்கிறார். சொல்லைப் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போன் எடுத்ததும் அந்தப் பக்கம் நெல் வெட்டும் மெசின் இரைந்தது.

"மாஸ்டர், ஒரு நோர்வேச் சொல்லைப் பிரிக்க வேணும்."

"எந்த நாட்டுச் சொல்லெண்டாலும் சொல் சொல்தானே. சொல்லும், பிரிச்சுத் தாறன்."

பெனடிக்ற் சொன்னார். மெசின் மட்டும் இரைந்தது.

"இன்னொருக்கா."

இன்னொரு முறை சொன்னார்.

"ம்," என்றார் மாஸ்டர். "நீர் எங்க வெட்டினனீர்?"

"சொண்டாக்ஸ் எண்டதுக்குப் பிறகு."

"அதுதான் பிழை. நிலைமொழி சொண்டாக். வருமொழி ஸ்வோகர். வருமொழியின்ர தலையை வெட்டிக்கொண்டு போய் நிலைமொழியின்ர வாலில கட்டியிருக்கிறீர். முள்ளுத் தெரியாமல் மீன் வெட்டலாமோ?"

"அப்ப டாக்ஸ் இல்லை?"

"இல்லவே இல்லை."

"ஸ்வோகர் எண்டா என்ன மாஸ்டர்?"

"அது எனக்கென்ன தெரியும்? பிரிக்கச் சொன்னீர், பிரிச்சன். பொருள் வேற பாடம். கடைசியில வாறது மட்டும் தமிழ்ச்சொல் போல கிடக்கு. வேந்தர். அதைக் குறுக்கிச் சொல்லியிருக்கிறாங்கள். அரசன் எண்டு கருத்து."

பெனடிக்ற்றுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரசனோ! அத்தான் வாயே திறக்காமல் இருந்திருக்கிறாரே என்று கண் கலங்கினார்.

அடுத்த சுற்றில் அவர் மாஸ்டர் சொன்னபடியே செய்தார். "நோர்வே நாட்டின் சொண்டாக்..." மூச்சு. "...ஸ்வோகர்..." அந்த இடத்தில் ஓட்டோ ஒரு குழிக்குள் இறங்கி ஏற, ஒலிபெருக்கி "சுவ்-கர்" என்று குதித்தது. மிச்சச் சொல்லையும் அறிவித்தலையும் அவர் சுத்தமாகச் சொல்லி முடித்தார். இனி ஒருவரும் வரிக் கந்தோரை நினைக்கமாட்டார்கள் என்று நிம்மதியாக ஒரு பிளேன்ரீ குடித்தார்.

தேநீர்க்கடையை விட்டு எழும்பமுன்னம் மனைவி அக்னேஸ் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, வீட்டு வாசலில ஆக்கள் வந்து நிக்கினம். எல்லாற்ர கையிலையும் கிளினிக் கொப்பி."

"ஏனாம்?"

"உங்கட அத்தான் நோர்வேயில பெரிய சுகர் டொக்டராமே? அக்கா மருந்து கொண்டு வாறாவாம். நீங்கள்தானாம் மைக்கில சொன்னனீங்கள்."

"நான் எங்க சொன்னனான்?"

"அது எனக்குத் தெரியாது. துக்க வீட்டுக்கு வந்த ஆக்கள் எண்டு தேத்தண்ணி ஊத்தினன். ஒருத்தருக்கும் சீனி வேண்டாமாம்."

பெனடிக்ற் போனை மடியில் வைத்தார். பைறூஸ் அவரைப் பார்த்தான். அவனுக்கும் மனம் கேட்கவில்லை.

"அண்ணன், நான் ஒண்டு சொல்லட்டோ? கோபிக்கக்கூடாது. அந்தச் சொல்லை விட்டிருவம். 'நோர்வேயை வதிவிடமாகக் கொண்ட அமரர் லெம்பேட்'. அவ்வளவும் காணும். ஆரும் கேக்கமாட்டினம்."

"கேக்கமாட்டினம். அதுதான் எனக்குப் பயம்," என்றார் பெனடிக்ற். "வேலையைச் சொல்லாட்டி ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஏனெண்டா அவைக்கு ஏற்கெனவே தெரியும். சும்மா லெம்பேட். அண்டைக்கு அந்தப் பேரோடதான் இந்த ஊர் அவரை அனுப்பினது. இண்டைக்கு அவற்ர பேர் மட்டும் திரும்பி வருகுது, தம்பி. அதையும் அப்பிடியே இறக்கி வைக்கச் சொல்லுறியோ? அக்கா கோயில் வாசலில நிண்டு அந்தப் பேரைத்தான் கேப்பா. என்ர குரலால ஒரு நல்ல சொல் அவருக்கு முன்னால போகாட்டி, பிறகு இந்தக் குரல் ஆருக்கு?"

பைறூஸ் என்ஜினை ஸ்டார்ட் பண்ணினான்.

"பிரிச்சாத்தானே வில்லங்கம்," என்றார் பெனடிக்ற். "பிரிக்காமல் சொல்லப் போறன். இளவயசில சங்கு குளிச்சவன் நான். அடியில போய்ச் சங்கு பொறுக்கி வந்தவனுக்கு ஒரு சொல்லுக்கு மூச்சுக் காணாதோ?"

நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டார். "பள்ளிமுனையைப் பிறப்பிடமாகவும்" என்பதிலிருந்தே மூச்சை மிச்சம் பிடித்து வந்தார். ஆனால் சங்கு குளித்த நெஞ்சுக்கு வயசாகியிருந்தது. சொல்லின் தலைப்பக்கம் மூச்சில்லாமல் முணுமுணுப்பாகப் போய், வால்பக்கம் மட்டும் வெடித்துக்கொண்டு வந்தது.

"...தெலெபூன் வெந்தர்!"

ஒலிபெருக்கி அதைக் கோயில் கோபுரம் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. டெலிபோன் வேந்தர்!

அதற்குப் பிறகு ஓட்டோவை ஓட்ட முடியவில்லை. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வீதிக்கு வந்தார்கள். ஒருத்தி தன் வீட்டுக் கிணற்றடியில் மட்டும்தான் சிக்னல் வருகிறது என்றாள். இன்னொருவர், அரிப்பு ஊரில் இருக்கிற தங்கச்சியோடு கதைக்கிறபோது "ஹலோ" என்பதற்கு மேல் போகமுடியவில்லை என்றார். வேந்தரின் மகள் வரும்போது ஒரு டவர் கேட்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவாகியது. டவருக்குக் காணி கொடுக்கவும் ஒருவர் முன்வந்தார். காணி அவருடையது அல்ல.

பங்குத்தந்தையின் போன் வந்தது.

"பெனடிக்ற், லெம்பேட் ஆர்? குரூஸ் வந்து வரிக் கந்தோர் எண்டு சொல்லுறார். குசினிக்கார அம்மா டொக்டர் எண்டு சொல்லுறா. இப்ப ஒருத்தர் டவருக்குச் செபிக்கச் சொல்லிக் காசு போட வந்தார். பிரசங்கத்தில நான் எதைச் சொல்லுறது?"

"எல்லாம் ஒரே சொல்லுக்குள்ளதான் கிடக்கு, பாதர்."

"என்ன சொல்?"

பெனடிக்ற் வாயைக் குவித்தார். பிறகு குவித்த வாயை மூடிக்கொண்டார். "பின்னேரம் நானே வாசிக்கிறன், பாதர்," என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கோயில் திருநாளைப்போல் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் குரூஸ் சம்மாட்டி, வரிக்காரருக்கு மரியாதையாகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். பெண்கள் பக்கத்தில் செபப் புத்தகங்களுக்குள் கிளினிக் கொப்பிகள் செருகியிருந்தன. பின்வாசலில் நின்றவர்கள் போனைத் தூக்கிப்பிடித்துச் சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்தபடி நின்றார்கள். உயிலங்குளத்திலிருந்து கதிர்காமு மாஸ்டரும் வந்து, திருநீறோடு கடைசி வாங்கில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். தான் பிரித்த சொல் எப்படி அரங்கேறுகிறது என்று பார்க்கிற ஆசை அவருக்கு.

வான் வந்து நின்றது. கறுப்புச் சேலையோடு றோசம்மா இறங்கினாள். பயணத்தில் கசங்கிய முகம். மகள் சுவேதினி அவளுடைய கையைப் பிடித்திருந்தாள். றோசம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள்.

"தம்பி," என்றாள். "இவ்வளவு சனமோ? இவ்வளவு சனமும் அவருக்கோ?"

"ஓம் அக்கா."

"ஊர் அவரை மறந்திட்டுது எண்டு அவர் நினைச்சுக்கொண்டு போட்டார், தம்பி. சும்மா லெம்பேட் எண்டு பகிடி பண்ணின ஊரடா இது." அவள் அங்கேயே நின்று அழுதாள். அவர்கள் என்னத்துக்காக வந்தார்கள் என்று சொல்லப் பெனடிக்ற்றுக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பாதிக் கோயில் அப்போதே எழும்பிப்போய்விடும். சொல்லாவிட்டால் பூசை முடிந்ததும் அக்காவை மறித்து வரியும் மருந்தும் டவரும் கேட்பார்கள். அத்தானுக்கு மாலை போடப் போய், அக்காவின் கழுத்தில் சுருக்குப் போட்டுவிட்டேனே என்று நினைத்தார்.

பூசை முடிந்தது. பங்குத்தந்தை அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பெனடிக்ற் வாசக மேடையில் ஏறினார். பகல் முழுக்கக் கத்திய குரல் கம்மிப் போயிருந்தது.

"லெம்பேட் அத்தான் இந்த ஊரை விட்டுப் போனபோது அவருக்கு ஒரு பட்டம் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள்," என்று தொடங்கினார். கோயிலுக்குள் இருமல்கூட நின்றுவிட்டது. "அவர் நோர்வேயில் ஒரு உத்தியோகம் பார்த்தார். அந்த நாட்டிலேயே அந்த வேலைக்கு அவர் ஒருவர்தான். ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். அந்த உத்தியோகத்தின் பெயரை இன்று காலையிலிருந்து நான் பிழையாகவே சொல்லிவிட்டேன். மூச்சு எங்கே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை."

கண்ணை மூடினார். வேம்பு நிழல் நினைவுக்கு வந்தது. காதோடு ஒட்டியிருந்த போனும், அதற்குள்ளிருந்து வந்த அத்தானின் குரலும் நினைவுக்கு வந்தன. அத்தான் எந்த இடத்தில் நிறுத்துவார்? அவருக்கு எந்த இடத்தில் சிரிப்பு வரும்? அதை இவ்வளவு நேரமும் யோசிக்கவில்லையே என்று இருந்தது. அந்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

மீன் மாதிரி வாயைக் குவித்தார்.

"சொண்டாக்ஸ்வோகர்..." நிறுத்தினார். மூச்சு விட்டார். "...தெலெபூன்வெந்தர்."

முன்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது.

சுவேதினிதான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு விம்மலாக மாறியது. பக்கத்தில் றோசம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். கோயில் திகைத்துப்போயிருந்தது.

"பிழையோ பிள்ளை?" என்றார் பெனடிக்ற், மைக் பக்கத்தில் இருப்பதை மறந்து.

சுவேதினி எழுந்து மேடையடிக்கு வந்தாள். நோர்வேயில் வளர்ந்த பிள்ளை. தமிழ் அவளுக்கு மெல்ல மெல்லத்தான் வரும்.

"இல்லை மாமா. சரியாச் சொன்னீங்கள். அப்பா சொல்லுற மாதிரியே. இது ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"அப்பாதான். என்ன வேலை எண்டு கேட்டனான். அதுதான் தன்ர வேலை எண்டு சொன்னவர்."

"மாமா..." அவள் தயங்கினாள். "அப்பாவுக்குக் கனகாலமா வேலை இல்லை. மீன் கொம்பனியில நிண்டு நிண்டு முதுகு ஏலாமல் போட்டுது. அதுக்குப் பிறகு அவர் வீட்டில சும்மாதான் இருந்தவர்."

சும்மா. அந்தச் சொல் ஒலிபெருக்கியில் ஏறி, கோயில் முழுக்கக் கேட்டது. குரூஸ் சம்மாட்டி தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பெனடிக்ற் மேடையைப் பிடித்துக்கொண்டார். எந்தச் சொல்லைத் துடைக்க நாள் முழுக்க அலைந்தாரோ, அதே சொல் அத்தானின் சொந்த மகளின் வாயால் வந்து விழுந்துவிட்டது.

"அப்ப அந்த உத்தியோகம்?"

"அப்பிடி ஒரு உத்தியோகம் அங்க இல்லை. அகராதியிலயும் இல்லை. அந்தப் பாஷையில ஒரு சொல்லோட இன்னொரு சொல்லை ஒட்டிக்கொண்டே போகலாம், மாமா. எவ்வளவும் ஒட்டலாம். இது அப்பா தானா ஒட்டினது. எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

கடைசி வாங்கில் கதிர்காமு மாஸ்டரால் இருக்க முடியவில்லை. எழும்பிவிட்டார்.

"பிள்ளை, முதற்சொல் சொண்டாக்தானே?"

"ஓம். சொண்டாக் எண்டா ஞாயிற்றுக்கிழமை."

மாஸ்டர் வெற்றியோடு நாலுபக்கமும் பார்த்தார். குரூஸ் சம்மாட்டி நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"தெலெபூன்?" என்று பின்வாசலில் இருந்து ஒரு குரல்.

"போன்தான். வீட்டுப் போன். வெந்தர் எண்டா..." சுவேதினி தமிழ்ச்சொல் தேடினாள். "காத்துக்கொண்டிருக்கிறவர்."

மாஸ்டர் மெல்ல உட்கார்ந்தார். வேந்தர் அந்த இடத்திலேயே முடி துறந்தார். உயர்த்திய போன்கள் ஒவ்வொன்றாகச் சட்டைப்பைக்குள் போயின.

றோசம்மா இருந்த இடத்திலிருந்தே, முந்தானையை எடுக்காமல் பேசினாள். "விடியமுன்னம் எழும்பிடுவார், தம்பி. அலாரம் வைச்சு. முதுகு நோவோட இருட்டுக்குள்ள நடந்துபோய், போனுக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். படுங்கோவன் எண்டு நான் பேசினால், 'எனக்கு இண்டைக்கு வேலை' எண்டு சொல்லுவார்."

"அங்க இருட்டோ அக்கா, அந்த நேரம்?"

"இருட்டுத்தான் தம்பி. சாமம்."

பெனடிக்ற் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே ஓட்டோவில் சாய்ந்து நின்ற பைறூஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை போகவில்லை. கிளினிக் கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி எழும்பினாள்.

"எல்லாம் சரி பிள்ளை. நடுவில ஒரு சுகர் வந்ததே, அது என்ன?"

சுவேதினி அவளைப் பார்க்கவில்லை. மேடையில் நின்ற பெனடிக்ற்றைத்தான் பார்த்தாள்.

"அது சுகர் இல்லை அன்ரி, ஸ்வோகர். ஸ்வோகர் எண்டா மச்சான்."